தனித்துப் படித்தலும் கூடிப் படித்தலும்

(ஆண்டு விழாக் கூட்டத்தில் தாதியியல் மாணவர் சார்பில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



படிப்பென்றால் ஒரு மூலையில் தனியே இருந்து படிப்பதுதான் படிப்பு, நாலுபேர் கூடினால் அது கதை என்பது நம் வீடுகளிற் பெரும்பாலான பெரியோரின் அபிப்பிராயம். கூடிப் படித்தாலன்றி ஒன்றும் விளங்காது என்பது எங்கள் வகுப்பிற் பலருடைய அபிப்பிராயம். குருநகரில் ஒரு வாடகை வீட்டிலிருந்து வைத்தியசாலைக்கு நடந்துபோய்ப் பயிற்சி பெறும் நாங்கள், இவ்விரு கட்சியினருக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டவர்கள். ஆதலால் இவ்விஷயத்தைச் சற்று விசாரித்துப் பார்த்தோம். கண்டதை இங்கே சொல்லுகிறோம்.

எங்களுள் மிஷன் பாடசாலை விடுதியில் வளர்ந்தவர்கள் உண்டு. அங்கே மாலை மணி அடித்ததும் ஒவ்வொருவரும் தத்தம் மேசைக்குப் போய்விட வேண்டும். பக்கத்துப் பிள்ளையிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்பதுங்கூடக் குற்றம். நம் முன்னோர் படித்த திண்ணைப் பள்ளியோ இதற்கு நேர்மாறானது. சட்டாம்பிள்ளை சொல்லிக்கொடுக்க மற்றப் பிள்ளைகள் ஒரே குரலிற் சொல்லுவார்கள். மாணாக்கன் மாணாக்கனுக்குக் கற்பிக்கும் முறையைச் சென்னையில் 1789ஆம் ஆண்டு முதல் அநாதைச் சிறுவர் பாடசாலையொன்றை நடத்திய அந்திரு பெல் என்ற பாதிரியார் கையாண்டார். 1797இல் அதைப்பற்றி இலண்டனில் நூலும் வெளியிட்டார். இங்கிலாந்திலே அது ‘சென்னை முறை’ என்றே பெயர் பெற்றது. கூடிப் படித்தல் மேனாட்டாரிடமிருந்து வந்த நூதனம் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

தாதிக் கல்விக்கு வருவோம். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பயிற்சிப் பாடசாலை 1860ஆம் ஆண்டு யூலை மாதம் இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் ஆரம்பமாயிற்று. வைத்தியசாலையின் புதிய கட்டடமொன்றின் மேல்மாடியை மாணவியருக்கென ஒழுங்குசெய்தபோது, ஒவ்வொருத்திக்கும் தனித்தனிப் படுக்கையறையும், எல்லோரும் கூடியிருக்க ஒரு பொது அறையும் அமைத்தார்கள். மாணவியர் விரிவுரைக்குக் குறிப்பெடுக்க வேண்டும், தினக்குறிப்பும் எழுத வேண்டும். எழுதுவது தனியே செய்யும் காரியம். நோயாளியைப் பராமரிப்பதோ கூட்டத்தில் நின்று கற்கும் காரியம். ஒரே கூரையின் கீழ் இரண்டுக்கும் இடம் இருந்தது. அந்த வீட்டை அமைத்தவர்கள் எங்கள் இரு கட்சியினரையும்விட விவேகிகள் என்றே தோன்றுகிறது.

கூட்டம் ஏன் சிலவேளை கெடுக்கிறது என்பதற்கு ஒரு பரீட்சை உண்டு. பிரான்சு தேசத்து விவசாயப் பொறியியற் பேராசிரியர் ரிங்கெல்மான் என்பவர் மனிதரைக் கயிறு இழுக்கச் செய்து அவர்கள் பலத்தை அளந்தார். 1913இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, ஒருவர் தனியே இழுக்கும் பலத்தை 100 என்று கொண்டால், இருவர் சேர்ந்தபோது ஆளுக்கு 93, நால்வராகும்போது 77, எண்மராகும்போது 49. எட்டுப்பேர் நின்றும் நாலுபேருடைய வேலைதான்! இதற்குக் காரணம் இரண்டு. எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காமை ஒன்று. மற்றவன் இழுக்கிறானே என்று கை தளர்வது மற்றொன்று.

கடலோரத்தில் வாழும் நமக்கு இது புதுமையன்று. கரைவலை இழுப்போர் அம்பா பாடுவது பொழுதுபோக்குக்காகவா? பாட்டு எல்லாக் கைகளையும் ஒரே கணத்திற் சேர்க்கிறது. வலை பொத்துபவரைப் பாருங்கள். அவர் தனியே இருந்து, கண்ணி கண்ணியாகத் தேடி முடிகிறார். அங்கே பத்துப்பேர் போய் நின்றால் நூல்தான் சிக்கும். பொத்தாத வலையை எத்தனைபேர் கூடி இழுத்தும் மீன் வராது.

ஞாபகத்தைப் பற்றியும் ஆராய்ச்சிகள் உண்டு. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் 2006இல் வெளியிட்டது ஒன்று. ஒரு பகுதியை ஒருமுறை படித்த மாணவருட் சிலர் அதையே மறுபடியும் படித்தனர். வேறு சிலர் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்ததை எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னே நின்றனர்; 100க்கு 81 பங்கு அவர்களுக்கு, 75 மற்றவர்களுக்கு. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர் 42, மூடிவைத்து எழுதியவர் 56. சோதனைக்கு முதல்நாள் இரவு புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் படிப்பது நமக்கு ஏன் திருப்தி தருகிறது என்பதும், ஒரு மாதத்தின் பின் நோயாளி முன் நிற்கையில் ஏன் கைவிடுகிறது என்பதும் இதிலே விளங்குகின்றன. 1997இல் வெளிவந்த இன்னொரு ஆராய்ச்சியில், மூவர் கூடியிருந்து நினைவுகூர்ந்தவை, மூவர் தனித்தனியே நினைவுகூர்ந்து பின் ஒன்றாய்ச் சேர்த்தவற்றிலும் குறைவாகவே இருந்தன. ஒருவர் முந்திச் சொல்லும்போது மற்றவருடைய நினைவின் இழை அறுந்துபோகிறது. எல்லாக் கூட்டத்திலும் முந்திச் சொல்ல ஒருவர் இருப்பாரல்லவா? அவர் பெரும்பாலும் நன்றாய்ப் படித்தவராகவே இருப்பார், அதுதான் ஆபத்து.

இனி வாட்டுக்குள் வாருங்கள். ஒரு நோயாளிக்கு 1,000 மில்லிலீற்றர் சேலைன் எட்டு மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும். ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் குழாய். எட்டு மணித்தியாலம் 480 நிமிடம். ஆயிரத்தை 20ஆற் பெருக்கி 480ஆற் பிரித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 துளி. சிறு கணக்குத்தான். ஆனால் 60 துளிக் குழாய் என்று தவறாக எண்ணிக்கொண்டால் விடை 125 ஆகிவிடும். அந்த வேகத்தில் 20 துளிக் குழாயினூடாக விட்டால், எட்டு மணித்தியாலத்திற் போகவேண்டிய சேலைன் இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் உடம்புக்குள் போய்விடும். இருதயம் பலவீனப்பட்ட ஒரு முதியவருக்கு அப்படி நேர்ந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். அவர் உங்கள் தகப்பனாராகவும் இருக்கலாம்.

இத்தகைய தவறைத் தடுக்கவே இன்சுலின், பொற்றாசியம் முதலிய ஆபத்தான மருந்துகளை இருவர் சரிபார்க்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்பிக்கிறார்கள். இரண்டாமவர் முதலாமவருடைய விடையைப் பாராமலே தாமாகக் கணக்கிட வேண்டும். பின்புதான் இருவரும் ஒப்பிட வேண்டும். “நாற்பத்திரண்டுதானே?” என்று ஒருவர் கேட்க, “ஓம்” என்று மற்றவர் தலையாட்டினால் அங்கே பார்த்தது ஒரு கண்தான். கூடிப் படிப்பதையும் நாங்கள் இந்த உரைகல்லில் உரைத்தே பார்க்கிறோம். ஒவ்வொருவரும் தம்முடைய விடையோடு வந்தாற் கூட்டம் சரிபார்க்கிறது. வெறுங்கையோடு வந்தால் ஒருவருடைய பிழை ஆறுபேருடைய பிழையாகிறது. அதிலும் கொடிது, அறுவரும் ஒத்துக்கொண்டமையால் அது பிழையென்ற எண்ணமே யாருக்கும் எழாது. பரீட்சை மண்டபத்திலே அது சில புள்ளிகளின் நட்டம். இரவுக் கடமையில் ஒரு வாட்டுக்கு இரண்டொருவராய் நிற்கும்போது அது வேறு.

ஆயினும் தனியே ஒருக்காலும் கற்க முடியாதவை எங்கள் படிப்பில் ஏராளம். நாடி பார்க்க இன்னொருவர் கை வேண்டும். கட்டுப் போட ஒரு கால் வேண்டும். எழுந்திருக்க முடியாத நோயாளியை நோகாமற் புரட்டுவதற்கு இருவர் ஒத்துப் பழக வேண்டும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் நோயாளி.

மொழியும் அப்படியே. எங்கள் புத்தகங்கள் ஆங்கிலம். நோயாளியோ “நெஞ்சுக்குள்ளை எரியுது”, “கால் உளையுது” என்றுதான் சொல்லுவார். நோவு வேறு, உளைவு வேறு, எரிவு வேறு, குத்து வேறு. வன்னியிலிருந்தும் மன்னாரிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்தவர்கள் கூடியிருந்து பேசும்போதுதான் ஒரே வருத்தத்துக்கு எத்தனை சொல் உண்டென்று தெரிகிறது. மானிப்பாயில் 1848இல் வைத்தியப் பணியைத் தொடங்கிய கிறீன் வைத்தியர், 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ முதலான நூல்களைத் தமிழிற் கொண்டுவர, தம்மிடம் பயின்ற மாணாக்கரையே துணைகொண்டார். ஆசிரியரும் மாணாக்கரும் ஒரு மேசையைச் சுற்றியிருந்து, இந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் என்று தேடிய தேட்டம் அந்த நூல்கள். தனியொருவர் செய்திருக்கக்கூடியதன்று அது.

இங்கேயிருக்கும் தாய்தந்தையர் பலருக்குக் கூடிப் படித்தல் விருப்பத்தால் வந்ததன்று. 1990இன் பின் மின்சாரமும் இல்லாமல், மண்ணெண்ணெயும் அருந்தலாயிருந்த காலத்தில், ஜாம் போத்தலுக்குட் பஞ்சை வைத்து, சிறிது எண்ணெய் விட்டுக் கொளுத்திய ஒரு விளக்கைச் சுற்றி ஒரு வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். அப்படிப் படித்தவர்கள் இன்று எங்களுக்குக் கற்பிக்கிறார்கள். சத்தமிட்டுப் படித்தால் மற்றவருக்கு இடைஞ்சல் என்று உதடு மட்டும் அசையப் படித்ததாக எங்கள் தாய்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரே வெளிச்சம், ஆனால் ஆளுக்கொரு புத்தகம்.

இப்போது எங்கள் வீட்டு ஒழுங்கு இது. ஆறரை மணி முதல் எட்டு மணி வரை பேச்சில்லை. எட்டு மணிக்குப் புத்தகங்களை மூடிவிட்டு, நினைவிலுள்ளதையும் கணக்கின் விடையையும் ஒவ்வொருவரும் எழுதித் தாளைக் கவிழ்த்து வைப்போம். அதன் பின்புதான் வாய் திறப்பது. கேள்வி கேட்பவர் நாளுக்கொருவர். அன்றைக்கு அவரே எங்களுக்கு அம்பா பாடுபவர். முந்திச் சொல்லும் பழக்கமுடையவர் கடைசியாகவே சொல்ல வேண்டும். தாள் எழுதாதவர் அன்று நோயாளியாகப் படுத்துக்கொள்ளலாம், பேசக்கூடாது. இத்தண்டனையை விரும்பி ஏற்போரும் உண்டென்பதை மறைக்கவில்லை.

ஆனால் ஆறுபேருக்கு இரண்டு அறைகளே உள்ள வீட்டில் இதைச் செய்வது கடினம். இன்னும் பல பிள்ளைகள் இதைவிட நெருக்கமான அறைகளில் இருக்கிறார்கள். இம் மன்றத்து வாசிகசாலை மாலை ஏழு மணிக்குப் பூட்டப்படுகிறது. அதை ஒன்பதரை மணி வரை திறந்துவைத்து, வாசிக்கும் அறையை மௌனத்துக்கும், பின்னாலுள்ள சிறு அறையைப் பேசிப் படிப்பதற்கும் விட்டுத்தருமாறு கேட்கிறோம். எந்தப் பாடம் படிக்கும் பிள்ளையும், எந்தச் சமயத்துப் பிள்ளையும் வந்து படிக்கட்டும். திறப்பைப் பொறுப்பேற்கவும், இரவில் அறைகளைக் கூட்டி விளக்கணைத்துப் பூட்டவும் நாங்கள் முறைவைத்துக்கொள்வோம். பெண்பிள்ளைகளை வீடுவரை கொண்டுபோய் விடுவதற்கு மட்டும் பெரியோர் இருவர் முன்வர வேண்டும். வருகிற செயற்குழுக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுவதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார்.