வழி கேட்காமல் போக ஒரு பாதை

(நடைபாதை, சைக்கிள் பாதை வலைப்பின்னல் குறித்த கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பொறியாளன் இல்லை. கவிதை எழுதுகிறவன். பகலில் வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவன். நம்ம வட்டாரத்து ஏரிக்கரை, வாய்க்கால் கரைகளையெல்லாம் இணைத்து, நடக்கவும் சைக்கிள் விடவும் ஒரு பாதை வலைப்பின்னல் வேண்டும் என்று நண்பர்கள் வரைபடம் போட்டிருக்கிறார்கள். பார்த்தேன். ஏரி இருக்கு, கோயில் இருக்கு, மலை இருக்கு. சேரி இல்லை. யாரும் வேண்டுமென்றே விட்டதாக நான் சொல்லவில்லை. கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான். அந்தப் படாமல் போவதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

இந்த மாதிரி வேலையை உருப்படியாகச் செய்த ஒரு இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தில் லிம்பர்க் என்று ஒரு மாகாணம். நிலக்கரிச் சுரங்கப் பூமி. இத்தாலியிலிருந்தும் துருக்கியிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் ஆள் கூட்டிவந்து பூமிக்கடியில் இறக்கினார்கள். 1966இல் ஸ்வார்ட்பெர்க் சுரங்கத்தை மூடுவதை எதிர்த்த போராட்டத்தில் இரண்டு பேர் செத்தார்கள். 1992இல் கடைசிச் சுரங்கமும் மூடிவிட்டது. அப்படி வேலை பறிபோன மண்ணில்தான் 1995இல் சைக்கிள் பாதை வலைப்பின்னலைத் தொடங்கினார்கள். யோசனை ஹியூகோ போலன் என்பவருடையது. சுரங்கப் பொறியியல் படித்தவர். சுரங்கத்துக்குள் கிளை பிரிகிற வழிகளில், சந்திப்புக்குச் சந்திப்பு எண் போட்டுத் தடம் கண்டுபிடிக்கிற முறையை அவர் தரைக்கு மேலே கொண்டுவந்தார்.

விஷயம் ரொம்பச் சாதாரணம். பாதைகள் சந்திக்கிற இடத்தில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு எண். அங்கிருந்து அடுத்தடுத்த எண்களுக்கு அம்புக்குறி. கிளம்பும்போது 12, 47, 8, 31 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டால் போதும். பாதைகளில் பெரும்பாலானவை ஏற்கனவே இருந்தவைதான். கால்வாய்க் கரை, காட்டுத்தடம், வயல் ரோடு, நிலக்கரி வண்டி ஓடி நின்றுபோன ரயில் தடம். அறுந்து கிடந்த இடங்களை ஒட்டினார்கள். இன்றைக்கு அங்கே சுமார் 2,000 கிலோமீட்டர் பாதை. நெதர்லாந்துக்கும் ஜெர்மனியின் சில பகுதிகளுக்கும் இந்த முறை பரவிவிட்டது.

இங்கே கிளம்பி இங்கே முடி என்று யாரோ போட்டுக்கொடுத்த சுற்றுவழி இல்லை அது. எந்த வழியில் போவது என்பதைப் போகிறவரே தீர்மானிக்கிறார். என்னைப் பிடித்துக்கொண்டது இன்னொன்று. அங்கே யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை.

நம்ம ஊர்ப்பக்கம் வழி கேட்டால் என்ன நடக்கும்? "யாரு வீட்டுக்குப் போவணும்? எந்தத் தெரு? நீ யாரு வீட்டுப் புள்ள?" மூணாவது கேள்வியில் சாதி வந்து நின்றுவிடும். வழி சொல்லுவதும் சொல்லாததும் அப்புறம்தான். என் கவுண்டரில் டோக்கன் எண்ணைக் கூப்பிடும்போது மிராசுதாரரும் கூலிக்காரரும் வரிசைப்படிதான் வருகிறார்கள். அந்த அரைமணி நேரம் எண் ஒரு சின்ன நியாயத்தைச் செய்கிறது. எண் சாதியை ஒழித்துவிடாது தோழர்களே. ஆனால் விசாரிக்கிறவன் வாயைக் கொஞ்ச நேரம் அடைக்கும்.

எண் போட்டால் மட்டும் போதுமா? போதாது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. சொல்லை எடுத்துவிடலாம், சுவரை? மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுந்த சுவர் 2008 மே 6ஆம் தேதிதான் ஓரிடத்தில் இடிக்கப்பட்டு வழி திறந்தது. பத்தொன்பது வருஷம். அந்த வருஷங்களில் மேலேயிருந்து பார்த்து வரைந்தவனுக்குச் சுவர் ஒரு மெல்லிய கோடு. காலுக்குத்தான் அது சுவர்.

அதனால் கணக்கெடுப்பைச் செயற்கைக்கோள் படத்தில் தொடங்காதீர்கள். நடந்து எடுங்கள். புல்லுக்கட்டு சுமக்கிற அம்மாவோடு நடங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையோடு சைக்கிளில் போங்கள். பிணம் தூக்கிப் போகிறவர்களிடம் எந்த வழியாக விடுகிறார்கள், எந்த வழியாக விடமாட்டேன் என்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் படிவத்தில் பாதையின் அகலத்துக்கு ஒரு கட்டம் இருக்கு, நிழலுக்கு ஒரு கட்டம் இருக்கு. இன்னொரு கட்டம் சேருங்கள்: இந்த இடத்தில் யாராவது சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறதா?

சைக்கிள் நமக்குப் பொழுதுபோக்கு இல்லை. புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கக் காலத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறு பெண்களுக்கு மேல் மணியடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். ஆம்பளை கூட்டிப்போகும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதுதான் அந்த மணிச் சத்தம் சொன்னது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மேல்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-06இல் எல்லா மாணவர்களுக்கும் விரிவாக்கியது. வண்டி வந்துவிட்டது. பாதை பாக்கி நிற்கிறது.

திட்டக்காரர்களிடம் நாலு விஷயம் கேட்கிறேன்.

ஒன்று, முதல் எண்கள் சேரி, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் நிறுத்தம், சுடுகாடு இவற்றுக்கு. ஏரி எங்கேயும் போகாது, அப்புறம் பார்க்கலாம்.

இரண்டு, கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் எடுத்து, அதில் இருந்து மண்ணில் இல்லாமல் போன வண்டிப்பாதைகளை அளந்து மீட்க வேண்டும். புதுசாக நிலம் கேட்பதற்கு முன்னால் விழுங்கப்பட்டதைக் கேளுங்கள்.

மூன்று, கரையில் குடியிருப்பவர்களைக் கிளப்பிவிட்டுப் பாதை போடக்கூடாது. சென்னையில் ஆற்றங்கரைச் சனங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டிய கதை நமக்குத் தெரியும். நடக்கிறவனுக்காகக் குடியிருக்கிறவனை விரட்டுவதற்குப் பேர் பாதை இல்லை.

நான்கு, பாதை ஊர்த்தெரு வழியாகவும் போக வேண்டும். "எதுக்கு வம்பு, சேரிக்குப் பின்பக்கமா தனியா ஒரு ரோடு போட்டுடலாமே" என்று ஒரு சமாதானம் வரும். கட்டாயம் வரும். சுற்றுவழியைச் சௌகரியமாகத் தாரு போட்டுக் கொடுத்தால் அது சுற்றுவழியே இல்லை என்று ஆகிவிடுமா? லிம்பர்க்கில் அறுந்ததை ஒட்டினார்கள். இங்கே அறுத்துவைத்திருப்பதை ஒட்ட வேண்டியிருக்கிறது. அதற்குத் தார் போதாது. கிராம சபையில் தீர்மானம் வேண்டும், அந்தக் கிராம சபை சேரியிலும் கூட வேண்டும்.

வரைபடத்தைத் திரும்பப் போடுங்கள். முதல் கம்பத்தை எங்கள் தெருவில் நடுங்கள். குழி வெட்ட நாங்கள் வருகிறோம், கூலி வாங்கிக்கொண்டு.