அயல்நாடு செல்வோரும் தொழிற்காப்புத் தகுதியும்
(கொட்டிவாக்கத்தில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நூலியற்றும் புலவர் முதற்கண் காப்புச் செய்யுள் வைத்துப் பின்னரே நூலைத் தொடங்குவர். ஆலையிலும் கட்டடப் பணியிலும் அங்ஙனம் முற்படக் காப்புச் செய்வோரே பாதுகாப்பு அலுவலர் எனப்படுவர். நம்மவர் பிள்ளைகள் பலர் இத்துறையைப் பயின்று, வளைகுடா நாடுகளையும் சிங்கப்பூரையும் நாடுகின்றனர். ஈண்டுப் பெற்ற சான்று ஆண்டுச் செல்லுமோ என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள்.

கல்வி வேறு, அலுவலுரிமை வேறு. கற்ற கல்வி கடல் கடந்தும் உடன்வரும். உரிமையோ அவ்வந்நாட்டுச் சட்டம் தருவது. நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பெற்ற விதியொன்று, 1000 தொழிலாளர்க்குக் குறையாத ஆலை பாதுகாப்பு அலுவலரை அமர்த்துமாறு பணித்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பு அவ்வெண்ணை 500 ஆகக் குறைத்தது. நமக்கு அணித்தாகத் தரமணியில் இருக்கும் மண்டலத் தொழிலாளர் நிலையத்தார் நடத்தும் தொழிற்பாதுகாப்பு உயர்பட்டயம் இந்நாட்டு ஆலைகளில் நன்மதிப்புடையது. எனினும் அதனைக் கண்ட மாத்திரத்தே சிங்கப்பூரார் அலுவலுரிமை நல்கிவிடார். அந்நாட்டு 2006ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் வழி, மனிதவள அமைச்சிற் பதிவு பெற்றவரே அப்பதவிக்கு உரியர். அமைச்சு ஏற்கும் படிப்பும், அத்துறையில் உழைத்துப் பெற்ற பட்டறிவும் அப்பதிவுக்கு வேண்டும்.

வளைகுடாவிற் பெரிதும் வினவப்படுவது நெபோஷ் என்னும் சான்று. அது 1979இல் பிரித்தானியாவில் தோன்றிய தேர்வு வாரியத்தின் பெயர். கற்பிக்கும் நிலையம் வேறு, தேர்ந்து சான்றளிக்கும் வாரியம் வேறு என்பதை ஈண்டு மறத்தலாகாது. என்பாற் பயின்ற மாணாக்கன் ஒருவன், அன்னையின் நகையை அடகு வைத்து, தனியார் நிலையமொன்றில் ‘அகில உலகப் பட்டயம்’ பெற்றான். பொன்னெழுத்துக்குக் குறைவில்லை! நேர்காணலில், இதனை வழங்கிய வாரியம் யாது என வினவினர். அவன் விடையிறுக்க மாட்டாது நின்றான். கற்பித்ததும், தேர்வு வைத்ததும், சான்றை அச்சிட்டதும் அந்நிலையமே. நகை இன்னும் மீளவில்லை. ஆகலின் பணங்கட்டுமுன், பெற்றோர்களே, வாரியத்தின் பெயரைக் கேளுங்கள். அவ்வாரியத்தையே நேரில் எழுதிக் கேட்டு, அந்நிலையம் அதன் ஒப்புதல் பெற்றதோ எனத் தெளியுங்கள். வேலையும் வாங்கித் தருவோம் என்பாராயின், அரசாங்கப் பதிவு பெற்ற முகவரோ என்பதையும் ஆராய்க.

சான்றிதழுக்கு அரசின் மெய்யொப்பமும் வேண்டும். அப்போஸ்டில் எனப்படும் உடன்படிக்கையில் இந்தியா 2005இற் சேர்ந்தது. சிங்கப்பூர் 2021இலும் சவூதி அரேபியா 2022இலும் சேர்ந்தன. சேராத நாடாயின் அந்நாட்டுத் தூதரகத்தின் ஒப்பமும் பெறல் வேண்டும். பணிபுரிந்த ஆலையினின்று பெறும் அனுபவச் சான்றில், ‘நன்னடத்தையன்’ என்றெழுதுவதாற் பயனில்லை. எத்தனை தொழிலாளர், எவ்வகை இடர், அலுவலர் ஆற்றிய கடமை யாவை என விளங்க எழுதுவித்தல் வேண்டும்.

மற்றொன்று, தமிழர்க்கே உரிய இடர். நம் பெயர்க்கு முன்னிற்கும் தலைப்பெழுத்து பள்ளிச் சான்றில் ஓரெழுத்தாய் இருக்கும்; கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயராய் விரியும்; பட்டயத்திலோ முற்றும் மறையும். அயல்நாட்டு அதிகாரி இம்மூவரும் ஒருவரே என எங்ஙனம் அறிவார்? இதனைத் திருத்தும் காலம் பயணநாள் அன்று. பத்தாம் வகுப்புச் சான்று கைக்கு வரும் நாளே ஆகும்.