நின்று பாடிய பெண்

(ஆலைத் தொழிலாளர் கலைக்குழுவின் நாடகம் தொடங்குமுன் ஆற்றிய உரை)



நீங்கள் நாடகம் பார்க்க வந்திருக்கிறீர்கள். பிரசங்கம் கேட்க வரவில்லை. அது நமக்குத் தெரியும். ஆகவே ஒரே ஒரு கலைஞரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்கிக்கொள்கிறோம். தீஜன் பாய் என்பது அவர் பெயர். இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்தில், பிலாய் நகருக்குச் சில மைல் தூரத்திலுள்ள கனியாரி கிராமத்தில் 1956-ம் ஆண்டு பிறந்தவர்.

பிலாய் என்றதும் உங்களில் மூத்தவர்களுக்கு உருக்காலை நினைவுக்கு வரும். சோவியத் நாட்டின் உதவியோடு கட்டுவதென்று 1955-ல் ஒப்பந்தமாகி, 1959-ல் முதல் ஊதுலை திறக்கப்பட்டதே, அதே பிலாய்தான். அங்கே உலை எழும்பிக்கொண்டிருந்த காலத்தில்தான், வேட்டையாடிப் பிழைத்து வந்த பார்தி இனத்துக் குடும்பம் ஒன்றில் இந்தப் பெண் குழந்தை வளர்ந்தது. பள்ளிக்கூடத்து வாசற்படியை அது மிதித்ததில்லை. தாய்வழிப் பாட்டனார் பிரிஜ்லால் பாரதக் கதையைப் பாடுவார். அதைக் கேட்டுக் கேட்டே பேத்திக்கு மனப்பாடமாகிவிட்டது. நாம் ஒரு துண்டுப் பிரசுரத்தை மூன்று முறை படித்துவிட்டு மேடையேறித் திணறுகிறோம். எழுத்தறியாத இந்தச் சிறுமியோ சபல்சிங் சௌகான் என்ற பழம்புலவரின் பாரதத்தைக் காதாலேயே கற்றுக்கொண்டது! பிற்பாடு உமேத் சிங் தேஷ்முக் என்பவரிடமும் பயிற்சி பெற்றார்.

சத்தீஸ்கரில் பாண்டவர் கதையைப் பாடும் இந்தக் கலைக்குப் பாண்டவானி என்று பெயர். அதில் இரண்டு முறைகள் உண்டு. வேதமதி என்ற முறையில் பாடுகிறவர் உட்கார்ந்தபடியே கதையைச் சொல்லிப் போவார். காபாலிகம் என்ற முறையில் எழுந்து நின்று, நடந்து, குதித்து, பாத்திரமாகவே மாறி நடிப்பார். நம் வடாற்காடு, தென்னாற்காடு தோழர்களுக்கு இது சுலபமாக விளங்கும். துரோபதையம்மன் கோயில் விழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. ஏறக்குறைய அந்த வித்தியாசம்தான். ஆனால் ஒன்று கவனியுங்கள்: பெண் பாடுவதானால் உட்கார்ந்துதான் பாட வேண்டும் என்பது அங்கே வழக்கமாயிருந்தது. எழுந்து நிற்பதும், தொடையைத் தட்டிச் சவால் விடுவதும் ஆண்களின் சொத்து.

தீஜன் பாய் நின்றார். வந்தது வினை!

பன்னிரண்டு வயதில் அவருக்குக் கலியாணம் செய்துவைத்திருந்தார்கள். பெண்பிள்ளை ஊர்க்கூட்டத்தின் நடுவே பாடுவதா என்று இனத்தார் ஆத்திரப்பட்டு அவரை விலக்கி வைத்தார்கள். ஒரு சிறு குடிசையைத் தாமே கட்டிக்கொண்டு தனியாக இருந்தார். சமைக்கப் பாத்திரம் இல்லை. அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கினார். சாப்பாட்டுக்கும் அதே கதிதான். பாட்டை மட்டும் விடவில்லை. பதின்மூன்றாவது வயதில், துர்க் மாவட்டத்துச் சந்திரகுரி கிராமத்தில் முதன்முதலாகப் பலர் கூடிய மேடையில் பாடினார். கிடைத்த கூலி 10 ரூபாய். கூலி என்றே சொல்லுகிறோம். சன்மானம் என்று சொல்ல நமக்குச் சம்மதமில்லை. இரவெல்லாம் தொண்டை கிழியப் பாடி ஆடுவது உழைப்பில்லாமல் வேறென்ன?

இனி அவருடைய தொழில் முறையைப் பாருங்கள். நம் கலைக்குழுத் தோழர்கள் கவனித்துக் கேட்க வேண்டியது இந்தப் பகுதிதான். மேடையில் திரை கிடையாது; ஜிகினாச் சட்டை கிடையாது. ஆர்மோனியம், தபலா, டோலக் வைத்திருப்பவர்கள் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். தீஜன் பாய் தம் ஊர்ப் பெண்கள் கட்டுவதுபோல் சேலை கட்டி, மயிற்பீலி செருகிய தம்பூரா ஒன்றைக் கையில் பிடித்து நிற்கிறார். அந்த ஒரு தம்பூராதான் எல்லாம்! பீமன் வரும்போது அது தோளில் ஏறிக் கதாயுதமாகிவிடும். அர்ச்சுனன் வந்தால் வில். இன்னொரு கட்டத்தில் அதுவே ரதம். பாண்டவரும் கௌரவரும், வைகிறவனும் அழுகிறவளும் அவர் ஒருவரே. குரலும் குயில் குரல் அல்ல. அடிவயிற்றிலிருந்து முழங்கி வரும் கனத்த குரல்.

பக்கத்தில் ராகி என்று ஒருவர் உண்டு. நம் வில்லுப்பாட்டில் 'ஆமா' போடுகிறாரே, அவரைப் போல. 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று ஜனங்கள் மனத்தில் நினைப்பதை அவர் வாய்விட்டுக் கேட்பார், ஒத்துப் பாடுவார், குறுக்கே பேசிச் சிரிக்க வைப்பார். கதை புராதனமானது என்றாலும், சொல்லும் நேரத்தில் அன்றைய ஊர்ப் பேச்சும் வேடிக்கையும் அதற்குள் புகுந்துகொள்ளும். நேற்றுப் பாடியதே இன்று அச்சுப் பிசகாமல் வருவதில்லை. எதிரே இருக்கும் முகங்களைப் பார்த்துக் கதை நீளும், குறுகும்.

"புராணக் கதைதானே, இதில் நமக்கு என்ன இருக்கிறது?" என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். அவர் பெயர் பெற்றதே துரோபதை துகிலுரியும் கட்டத்திலும் துச்சாதனன் வதத்திலும்தான். சபைக்கு இழுத்து வரப்பட்ட ஒரு பெண்ணின் கதையை, இனத்தின் சபையால் வெளியே தள்ளப்பட்ட ஒரு பெண் பாடுகிறார். அவர் தம் சொந்தக் கதையை நினைத்துத்தான் பாடினார் என்று நாம் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் கீழே உட்கார்ந்திருக்கும் உழைப்பாளிப் பெண் அதைப் புராணமாக மட்டும் கேட்டிருப்பாள் என்று நாம் நம்பத் தயாரில்லை.

ராய்ப்பூரில் பிறந்தவரும், 1940-களில் பம்பாயில் மக்கள் நாடக மன்றத்தில் உழைத்தவருமான நாடகாசிரியர் ஹபீப் தன்வீர் அவருடைய திறமையைக் கண்டுகொண்டார். அதன்பின் பெரிய நகரங்களின் மேடைகள் திறந்தன. பிரதமர் இந்திரா காந்தியின் முன் பாடினார். பிரான்சு, ஜெர்மனி, மொரீஷியஸ் என்று கடல் கடந்தும் போய்வந்தார். ஷியாம் பெனகலின் தொலைக்காட்சித் தொடர் ஒன்றிலும் அவருடைய பாண்டவானி இடம் பெற்றது. 1995-ல் சங்கீத நாடக அகாதமி விருது, 2003-ல் பத்மபூஷண், 2019-ல் பத்மவிபூஷண். பட்டங்களை இதற்குமேல் அடுக்க வேண்டாம். நம் அபிப்பிராயத்தில் இவற்றைவிடப் பெரிய செய்தி, அதே பிலாய் உருக்காலையில் அவருக்கு வேலை கிடைத்ததுதான். இரவல் பாத்திரத்தில் சமைத்தவருக்கு மாதச் சம்பளம்! எத்தனை கூத்துக் கலைஞர்கள், தவில்காரர்கள், வில்லுப்பாட்டுக்காரர்கள் திருவிழா மாதம் முடிந்ததும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்பதை நீங்களே பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?

இப்பொழுது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறோம். நம் கலைக்குழுவில் இன்றும் தாய் வேடத்துக்கு ஆண் தோழர்தான் சேலை கட்டுகிறார். அவர் நன்றாகத்தான் நடிக்கிறார்; மீசையை மறைக்கத்தான் பாடுபடுகிறார். ஆனால் நம் பஞ்சாலைகளில் பெண்கள் இல்லையா? வயலில் நடவுப் பாட்டு யார் பாடுகிறார்கள்? ஒத்திகைக்கு வந்த இரண்டு பெண்பிள்ளைகளை "ஊர் என்ன சொல்லும்?" என்று வீட்டார் நிறுத்திவிட்டார்கள். இரவு ஒத்திகை கூடாது என்றால் ஞாயிற்றுக்கிழமை பகலில் வைத்துக்கொள்வோம். தாய்மார்களும் கூட வந்து உட்காரட்டும். ஒத்திகையால் அரை நாள் கூலி போகிறது என்றால், இன்றைய உண்டியல் வசூலிலிருந்து அதை முதலில் கொடுத்துவிடலாம். இந்த யோசனையை அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் வைக்கப் போகிறோம்.

அந்தப் பிள்ளைகளின் தகப்பனார்கள் இருவரும் இதோ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டோம், பயப்பட வேண்டாம்! நாடகம் முடிந்ததும் டீக்கடையில் உட்கார்ந்து பேசிக்கொள்வோம். மேளக்காரத் தோழர் கைகாட்டி அவசரப்படுத்துகிறார். திரையைத் தூக்கலாம்.