கோடு போட்டது யார்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



என் மகன் வயதுள்ள ஓர் இன்ஜினியர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: “சார், நாடு, மதம் எல்லாம் வெறும் நம்பிக்கை. எல்லாரும் நம்புறதை நிறுத்திட்டா காணாமப் போயிடும்.”

யோசித்துப் பார்த்தேன். பாதி சரிதான். நம்ம திருத்தணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அது ஆந்திரத்தில் இருந்தது. ம.பொ.சி. முதலானோர் போராடினார்கள். படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் சில கிராமங்கள் அந்தப் பக்கம் போயின. முருகன் ஒரு படிகூட இறங்கவில்லை, மாநிலம் மாறிவிட்டது! மலை நாம் நம்பாவிட்டாலும் நிற்கும். எல்லைக்கோடு நாம் ஒப்புக்கொண்டால்தான் நிற்கும்.

அப்படியானால் கோடு பொய்யா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்த்தபோது, ஷாப் தரையில் மஞ்சள் கோடு போட ஒரு தம்பி வருவான். பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமில் 1991-ல் பிறந்தவன். நல்ல வேலைக்காரன். “வெளிநாட்டுக்குப் போகலாமேப்பா, பாஸ்போர்ட் எடு” என்றேன். சிரித்தான். “எந்த நாட்டு பாஸ்போர்ட் சார்? இலங்கையை நான் பார்த்ததே இல்லை. பிறந்தது இங்க. ஆனா இந்த நாட்டுக்காரன் இல்லையாம்.”

எனக்குப் பதில் வரவில்லை. 1987 ஜூலை முதல், இங்கே பிறந்தால் மட்டும் போதாது; பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று சட்டம் மாறியிருந்தது. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண், உயர் நீதிமன்றம் வரை போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024-ல் ஓட்டும் போட்டார். இவன் ஐந்து வருஷம் பிந்திவிட்டான், அவ்வளவுதான்! 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆறு மதங்களையும் மூன்று நாடுகளையும் குறிப்பிட்டது. இவன் கும்பிடும் சாமிக்கு அந்தப் பட்டியலில் இடம் உண்டு. இவன் அப்பா விட்டுவந்த நாட்டுக்கு இடம் இல்லை.

சாமி உண்டா, இல்லையா என்பது வேறு கேள்வி. ஆனால் இன்ன மதத்தான், இன்ன நாட்டான் என்று ஏட்டில் எழுதுவது மனிதர்கள். எழுதியபின் அது சுவர் மாதிரி நிற்கிறது. முட்டினவனுக்குத்தான் வலி தெரியும்.

தரையில் போட்ட மஞ்சள் கோடும் வெறும் பெயிண்ட்தான். எல்லாரும் மதிப்பதால் ஆள் காலில் வண்டி ஏறாமல் காக்கிறது. கோடு கூடாது என்று நான் சொல்லவில்லை. மனிதன் போட்ட கோட்டை மனிதன் மாற்றியும் போடலாம், திருத்தணியே சாட்சி.

ஆகவே தம்பி தங்கைகளே, “வெறும் நம்பிக்கைதானே” என்று தள்ளிவிடாதீர்கள். “ஆதியிலிருந்தே இப்படித்தான்” என்று கைகட்டி நிற்கவும் வேண்டாம். கோடு போட்டது யார், அது யாரைக் காக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று கேளுங்கள். அந்தத் தம்பிக்கு அன்று நான் சொல்லாத பதிலை நீங்களாவது சொல்ல வேண்டும்.