கணையம் காட்டும் குறிகள்



கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடிப்பது நம்மிடையே வழிவழியாக வந்த வழக்கம். அதனை நாம் பழிக்கவில்லை. ஆயினும், காய்ச்சலும் வலியும் இன்றிக் கண்ணும் தோலும் மஞ்சளாகுமாயின், வாரக்கணக்கில் காத்திருப்பது பேராபத்தாய் முடியக்கூடும். அது கணையப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும், ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளமுள்ள உறுப்பு. உணவைச் செரிக்கச் செய்யும் நீரையும் இன்சுலினையும் அது சுரக்கின்றது. ஈரலிலிருந்து வரும் பித்தக் குழாய் கணையத்தின் தலைப்பகுதியை ஒட்டிச் செல்கின்றது. அங்கே புற்று வளர்ந்து குழாயை நெருக்கினால், கால்வாயில் மண் சரிந்தாற்போலப் பித்தம் தேங்கி இரத்தத்தில் கலக்கும். கண் மஞ்சளிப்பதோடு சிறுநீர் கடுந்தேநீர் நிறமாகும், மலம் வெளிறும், உடலெங்கும் அரிப்பெடுக்கும்.

புற்று கணையத்தின் நடுவிலோ வாற்பகுதியிலோ தோன்றினால் காமாலை வராமலும் போகலாம். அப்போது மேல்வயிற்று வலி முதுகு வரை ஊடுருவும். மல்லாந்து படுத்தால் மிகும். முன்குனிந்து அமர்ந்தால் சற்றே தணியும். பால் வாளி சுமக்கும் நமக்கு முதுகுவலி புதிதன்று. ஆகவேதான் தைலத்தைத் தேய்த்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுகின்றோம். சுமை தூக்கிய வலி பெரும்பாலும் ஓய்வில் அடங்கும். இதுவோ இரவிலும் உறங்கவிடாது. பசி குன்றும், உடல் இளைக்கும். 50 வயதைக் கடந்தவருக்குப் புதிதாக இனிப்பு நீர் கண்டு, உடலும் மெலியுமாயின், அதனையும் மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும்.

புகைபிடிப்போருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்கு. நெடுநாள் மிகுதியாக மது அருந்துவோருக்குக் கணையம் அழற்சியுற்றுக் கெடுவதும் உண்டு.

மஞ்சள் காமாலை எல்லாம் புற்றுநோயன்று. பித்தக்கல், ஈரல் அழற்சி, எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் ஆகியவற்றாலும் அது வரும். எதனால் வந்தது என்பதை இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் காட்டும். கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. இந்நோய் கண்டறியப்படுகையில், நூற்றுக்கு ஏறக்குறைய 20 பேருக்கே அறுவை செய்ய இயலும் நிலை இருக்கின்றது. மற்றோர் காலந்தாழ்ந்தே வருகின்றனர்.

கிளினிக்கில் “வயிற்றுவலி” என்று மட்டும் கூறி மாத்திரை வாங்கித் திரும்ப வேண்டாம். வலி எத்தனை நாளாக உள்ளது, முதுகுக்குப் பரவுகின்றதா, எடை எவ்வளவு குறைந்தது, சிறுநீரும் மலமும் எந்நிறம் என்பவற்றைக் கூச்சமின்றிச் சொல்லுங்கள். அறுவைக்கு இடமில்லாத நிலையிலும், அடைபட்ட பித்தக் குழாயினுள் சிறுகுழல் பொருத்திக் காமாலையையும் அரிப்பையும் தணிக்க மருத்துவர்களால் இயலும்.