சைகோனிலிருந்து வந்த அன்னையர்



பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சுரக்குடியைச் சூழ்ந்த இக்காரைக்கால் பகுதியிலிருந்து ஆடவர் பலர் பட்டாளத்திலும் அலுவலகத்திலும் பணிபெற்று இந்தோசீனாவுக்குக் கப்பலேறினர். சிலர் அங்கேயே மணமுடித்தனர். 1954-க்குப் பின்னும், 1975-ல் சைகோன் வீழ்ந்த பின்னும் குடும்பங்கள் திரும்பியபோது, வியட்நாமியத் தாய்மார் அறியாத மண்ணில் கால்வைத்தனர். மாமியாரிடம் தமிழ் கற்றனர், குழம்பு வைத்தனர். (அவர்கள் கொணர்ந்த 'நெம்' பலகாரம் புதுச்சேரியில் இன்றும் விலைபோகிறது!) அவர்களுள் லாவாங் மாதாவை வேண்டி வளர்ந்தவர்களுக்கு வேளாங்கண்ணி அந்நியமாயிருந்திராது என்றே எண்ணுகிறோம். ஆனால் தாய்மொழியில் ஒரு வார்த்தை பேச அண்டைவீட்டில் ஆளில்லையே!

அத்தகைய பாட்டி உள்ள வீட்டார், அவர் பாடும் தாலாட்டை இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மறைந்தோருக்கு நவம்பர் மாதத் திருப்பலியில் செபிக்க நம்மிடம் பெயர் தரும்போது, ஞானஸ்நானப் பெயரோடு, பெற்றோர் அங்கே இட்ட பெயரையும் சேர்த்தே எழுதித் தாருங்கள்.