கணக்கே நிர்வாகத்தின் கண்



எந்த ஸ்தாபனமும் செவ்வனே நடைபெற, அதன் நிர்வாகிகளுக்கு உண்மையான தகவல் உரிய காலத்தில் கிடைக்க வேண்டும். இதற்குக் குஜராத்திலுள்ள ஆனந்த் நகரம் தக்க சான்றாகும்.

1946-ஆம் ஆண்டில் அங்கே கெய்ரா ஜில்லாப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு யூனியன் தோன்றியது. கிராமச் சங்கங்களில் காலையும் மாலையும் பாலை அளந்து, கொழுப்புச் சத்தைச் சோதிக்கின்றனர். இன்று பல சங்கங்களில் தராசும் சோதனைக் கருவியும் கம்ப்யூட்டருடன் இணைக்கப்பட்டுள்ளன. அளவு, சத்து, விலை ஆகிய மூன்றும் அச்சிட்ட சீட்டாக உடனே உறுப்பினர் கைக்கு வருகின்றன.

அச்சீட்டு ஒரு குடும்பத்தின் வரவுக் கணக்கு மட்டுமன்று. பல கிராமங்களின் கணக்கு ஒன்று சேரும்போதுதான், எவ்வழிக்கு எத்தனை லாரிகள் வேண்டும், எவ்வளவு பாலை நகரங்களுக்கு அனுப்புவது, எவ்வளவைப் பவுடராக்குவது என்று யூனியன் முடிவு செய்ய இயலும். குளிர்காலத்தில் பால் பெருகும், கோடையில் குறையும். முன்னாளில், பெருகிய பாலுக்கு வாங்குவோர் போதவில்லை. 1955-இல் பிரதமர் நேரு திறந்துவைத்த பால் பவுடர்த் தொழிற்சாலையால் அக்குறை பெரிதும் நீங்கியது. ஆயினும், வரும் பாலின் அளவை அறியாமல் தொழிற்சாலையைத் திட்டமிட்டு நடத்த முடியாது.

கருவி வந்துவிட்டது என்று நாம் வாளாவிருத்தல் ஆகாது. தராசு பழுதானால் தவறான கணக்கே மேலே செல்லும், அதன்மேல் எடுக்கும் முடிவும் தவறாகும், நஷ்டமோ நம்முடையது. ஆகவே, சீட்டை வீட்டில் அளந்த அளவுடன் ஒப்பிடுவோம். வேறுபாடு கண்டால் அன்றே கேட்போம். ஆண்டுக் கணக்கைப் பொதுக்கூட்டத்தில் படிக்கச் செய்வோம். உழைப்புக்கேற்ற விலையும் சங்கத்தின் உறுதியும் இதனைப் பொறுத்தே உள்ளன.